விஜயதசமியன்று பிள்ளைகளை உள்ளே விடுங்கள்: கோவைப் பட்டறைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

கணபதி, ஆவாரம்பாளையம், பீளமேடு, சிங்காநல்லூர், ஒண்டிப்புதூர், குறிச்சி என்று கோவை முழுக்க இரும்பைக் கடையும் லேத்தும், குடையும் மில்லிங்கும், கணினி ஓட்டும் சிஎன்சியும் வைத்துத் தொழில் நடத்தும் அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும் வணக்கம்.

ஆயுத பூஜையன்று உங்கள் பட்டறைக்கு வீட்டுப் பிள்ளைகள் வருவார்கள். முதல் நாளே மிஷின்களை மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்து, மூலைகளில் கிடக்கும் இரும்புச் சுருளையெல்லாம் கூட்டி அள்ளியிருப்பீர்கள். இரும்பைப் பிடித்துச் சுற்றும் சக்குக்கு மாலை, மறுமுனையைத் தாங்கும் டெயில்ஸ்டாக்குக்குச் சந்தனப் பொட்டு, வாசலில் வாழைக்கன்று. பொரிகடலை கொடுப்பீர்கள், பூசணிக்காய் உடைப்பீர்கள். பிள்ளைகள் மிஷினைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். ஆனால் அன்றைக்கு ஒரு மிஷின்கூட ஓடாது. ஓடவும் கூடாது, கருவிகளுக்கு அது ஓய்வு நாள். வருஷத்தில் பிள்ளைகள் பட்டறைக்குள் வருகிற ஒரே நாள், மிஷின் ஓடாத நாளாக அமைந்துவிட்டது.

நான் கேட்பது அதற்கு அடுத்த நாளை. விஜயதசமியன்று காலையில் சாஸ்திரத்துக்கு மிஷினைப் போட்டு, கடைய வேண்டிய துண்டான ஜாப் ஒன்றைக் கட்டி, ஒரு வெட்டு எடுத்துத் தொழிலைத் தொடங்குவீர்கள் இல்லையா? அந்த முதல் வெட்டைப் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகள் பத்துப் பேர் முன்னால் எடுங்கள். அதே நாளில்தான் சின்னக் குழந்தைகளுக்கு அரிசியில் விரலைப் பிடித்து "அ" எழுதிக் கொடுக்கிறோம். இரும்பு எப்படி உருவம் பெறுகிறது என்பதும் கோவைப் பிள்ளைக்கு முதல் எழுத்து மாதிரிதான் என்று நான் நினைக்கிறேன்.

நான் ஒரு டர்னரின், அதாவது லேத்தில் கடைகிறவரின், மகள். இப்போது பள்ளியில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறேன். போன வருஷம் ஒன்பதாம் வகுப்பில் மேஜைமேல் ஒரு போல்ட்டை வைத்து, "இதில் சுருளாக ஓடும் மரை எப்படி வந்தது?" என்று கேட்டேன். "அச்சில் ஊற்றுவார்கள்" என்றான் ஒருவன். "பிரிண்ட் பண்ணுவாங்க மிஸ்" என்றாள் ஒருத்தி. மற்றவர்கள் பேசவே இல்லை. அந்த வகுப்பறை ஜன்னலைத் திறந்தால் அடுத்த தெருவில் லேத் ஓடுகிற சத்தம் கேட்கும். சில பிள்ளைகளின் அப்பாக்களே மிஷின்களில் நிற்கிறவர்கள். அப்பா என்ன வேலை என்று கேட்டால் "கம்பெனிக்குப் போறாரு" என்று மட்டும் சொல்வார்கள். அங்கே போய் என்ன செய்கிறார் என்பது அவர்களுக்குத் தெரியவில்லை. எனக்கு அது தாங்கவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

எனக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். எட்டு வயதில் ஒரு விஜயதசமிக்கு அப்பா என்னைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனார். ஆறடி லேத், கோன் புல்லியில் பெல்ட் மாற்றி ஓட்டுகிற பழைய மிஷின். முக்கால் இஞ்ச் பித்தளை ராடு ஒரு துண்டைச் சக்கில் கட்டினார். சக்கை இறுக்கும் சாவியான சக் கீயைக் கழற்றி என் கையில் கொடுத்து, "இது மிஷின்ல இல்லன்னு உறுதியாத் தெரிஞ்சாத்தான் ஸ்டார்ட் பண்ணணும், சாமி" என்றார். வெட்டும் டூல் தொட்ட நொடியில் பித்தளை பொன்தூளாகச் சிதறியது. பத்து நிமிஷத்தில் அந்த ராடு ஒரு பம்பரமாகிவிட்டது. தச்சர் கடையில் வாங்கிய மரப் பம்பரம் எவ்வளவு நன்றாகச் சுற்றினாலும் தலை ஆடும். அப்பா செய்த பம்பரம் சுற்றும்போது நின்றுவிட்ட மாதிரியே இருந்தது. தொட்டுப் பார்த்தால்தான் சுற்றுகிறது என்று தெரியும். ஏன் என்று கேட்டேன். "எல்லாப் பக்கமும் நடுவிலிருந்து ஒரே தூரம், அவ்வளவுதான்" என்றார். நான் இயற்பியல் படிக்கப் போனதற்கு அந்த "அவ்வளவுதான்" ஒரு காரணம்.

உங்களுக்குத் தினமும் பார்த்துப் பழகிப்போயிருக்கும். வெளியிலிருந்து பார்க்கிற எனக்கு, உங்கள் பட்டறையில் நிற்கும் சாதாரண லேத்கூட மனிதன் செய்தவற்றில் பெரிய அதிசயங்களில் ஒன்று. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல விடுங்கள்.

நீராவி எஞ்சின் என்றால் எல்லாப் பிள்ளையும் ஜேம்ஸ் வாட் பெயரைச் சொல்லும். அவர் தன் எஞ்சினுக்கு 1769-ல் காப்புரிமை வாங்கிவிட்டார். ஆனால் அதைத் தொழிலுக்கு ஓட்டிக் காட்ட 1776 வரை ஆனது. யோசனையில் குறை இல்லை. சிலிண்டரை உள்ளே உருண்டையாகக் கடைந்து தர ஆள் இல்லை, மிஷின் இல்லை. பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவே நீராவி கசிந்துகொண்டே இருந்தது. அந்த இடைவெளியை எதை எதையோ வைத்து அடைத்துப் பார்த்தார், ஒன்றும் நிற்கவில்லை. கடைசியில் வழி காட்டியவர் ஜான் வில்கின்சன் என்ற இரும்பாலைக்காரர். பீரங்கிக் குழாய் கடையும் வேலையில் கை பழகியவர். அதுவரை உள்ளே கடையும் தண்டான போரிங் பார் ஒரு பக்கம் மட்டும் பிடிப்போடு, மறுமுனை தொங்கிக்கொண்டு வேலை செய்தது. பாரம் தாங்காமல் முனை தாழும், ஓட்டையும் அது போன போக்கில் போகும். வில்கின்சன் பாரைச் சிலிண்டருக்குள் முழுக்க நுழைத்து, இரண்டு முனையிலும் தாங்கல் கொடுத்தார். நீங்கள் கேட்டால் "இதுதானா, இது எங்களுக்குத் தெரியாதா" என்பீர்கள். அந்த ஒரு தாங்கலில்தான் நீராவி யுகம் நின்றது. 50 இஞ்ச் விட்டமுள்ள சிலிண்டரில் எந்த இடத்திலும் பழைய ஷில்லிங் நாணயத்தின் கனத்துக்கு மேல் பிசகு இல்லை என்று வாட்டின் கூட்டாளி மேத்யூ போல்டன் பூரித்து எழுதினார். ஒரு நாணயத்தின் கனம்! இன்று உங்களிடம் வருகிற டிராயிங்கில் அவ்வளவு பிசகை அனுமதிக்கும் டாலரன்ஸ் போட்டிருந்தால், இதை மிஷினில் ஏற்ற வேண்டுமா என்றே கேட்பீர்கள்.

அப்புறம் மரை. ஹென்றி மாட்ஸ்லே என்பவரைப் பற்றி நான் வகுப்பில் ஒரு முழுப் பீரியடும் பேசுவேன். 1771-ல் லண்டன் பக்கம் வூல்விச்சில் பிறந்தவர். 12 வயதிலேயே அங்கே ஆயுதசாலையில் வேலைக்குப் போனவர். பிறகு பூட்டுச் செய்வதில் பேர்பெற்ற ஜோசப் பிராமாவிடம் சேர்ந்தார். வாரம் 30 ஷில்லிங் சம்பளத்தை ஏற்றித் தரக் கேட்டார். தரவில்லை. 1797-ல் வெளியே வந்து சொந்தப் பட்டறை போட்டார். இந்தக் கதை உங்களில் பாதிப் பேருடைய சொந்தக் கதை. பெரிய கம்பெனியில் டர்னராக இருந்து, ஒரு நாள் வெளியே வந்து, கடன் வாங்கி ஒரு செகண்ட் ஹேண்ட் லேத் போட்டவர்கள்தானே கோவையில் அதிகம்?

அவர் காலத்துக்கு முன்னால் மரை வெட்டுவது பெரும்பாலும் கைவேலை. போல்ட் ஒவ்வொன்றும் ஒரு மாதிரி. அதற்கென்று செய்த நட் அதற்கு மட்டும்தான் சேரும். மிஷினைக் கழற்றும்போது எந்த நட் எந்த போல்ட்டுக்கு என்று அடையாளம் வைக்கத் தவறினால் பூட்ட முடியாது. மாட்ஸ்லே டூலைக் கையிலிருந்து வாங்கி, நேர்கோட்டில் நகரும் ஸ்லைடில் கட்டினார். அந்த ஸ்லைடை லீட் ஸ்க்ரூ என்ற நீண்ட திருகு நகர்த்தியது. லீட் ஸ்க்ரூவைப் பல்சக்கரம் வழியாக ஜாப்போடு சேர்த்தார். 1800 வாக்கில் இவை மூன்றும் ஒரே இரும்பு லேத்தில் சேர்ந்து நின்றன. லீட் ஸ்க்ரூவின் பிட்ச், அதாவது ஒரு மரைக்கும் அடுத்ததற்கும் உள்ள தூரம், 6 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஜாப் மூன்று சுற்று சுற்றும்போது ஸ்க்ரூ ஒரு சுற்று சுற்றினால் 2 மில்லிமீட்டர் பிட்ச்சில் மரை விழும். வேறு பிட்ச் வேண்டுமானால் பல்சக்கரத்தை மாற்றினால் போதும். பள்ளியில் படிக்கிற விகிதக் கணக்குதான் இது. அந்தக் கணக்கைப் பிள்ளைகள் நோட்டில் போடுகிறார்கள். அதே கணக்கு இரும்பில் ஓடுவதை அவர்கள் கண்ணால் பார்த்ததில்லை.

இன்று கடையில் கிடைக்கும் போல்ட்டில் மரையைப் பெரும்பாலும் வெட்டுவதில்லை, டை என்ற கடினமான அச்சுகளுக்கு நடுவே உருட்டி அழுத்தி எடுக்கிறார்கள் என்று உங்களில் யாராவது திருத்துவீர்கள். சரிதான். அந்த டையை யார் செய்தார்கள் என்று கேட்டுக்கொண்டே பின்னால் போனால் எங்கோ ஒரு லீட் ஸ்க்ரூவில்தான் போய் நிற்போம்.

ஆனால் முதல் லீட் ஸ்க்ரூ எங்கிருந்து வந்தது? நல்ல ஸ்க்ரூ செய்ய நல்ல லேத் வேண்டும், நல்ல லேத்துக்கு நல்ல ஸ்க்ரூ வேண்டும். கோழியா முட்டையா என்பது போல. மாட்ஸ்லே ஒரு கத்தியைச் சாய்வாக வைத்து, சுற்றுகிற உருளையின் மேல் பதியவிட்டார். சாய்வின் போக்கிலேயே கத்தி உருளைமேல் ஊர்ந்து சுருள்கோடு போட்டது. அப்படிப் பல உருளைகள். அவற்றில் நன்றாக வந்ததை வைத்து அடுத்ததை வெட்டி, பிசகைக் கண்டுபிடித்துத் திருத்தி, அதைவிட நல்லதை வைத்து அதற்கடுத்ததை வெட்டி, இப்படிப் படிப்படியாக ஏறிப் போனார். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும். மட்டமான மிஷினிலிருந்து அதைவிட நல்ல மிஷின் பிறக்கிறது, அதிலிருந்து இன்னும் நல்லது. தாய் எட்டடி பாய்ந்தால் குட்டி பதினாறடி பாயும் என்பது இந்த மிஷின்களின் வம்சத்துக்கு அப்படியே பொருந்தும். மற்ற எல்லா மிஷின்களையும் பெற்றெடுப்பதால் இவற்றைத் தாய் இயந்திரம் என்று சொல்கிறோமே, அது வெறும் அலங்காரச் சொல் இல்லை.

தட்டையாக்குவதும் அதே மாதிரிதான். அளவு பார்க்க அடியில் வைக்கும் சர்ஃபேஸ் பிளேட் தட்டையாக இருக்கிறதா என்று எதை வைத்துப் பார்ப்பது? இன்னொரு பிளேட்டை வைத்து என்றால், அது தட்டை என்று எப்படித் தெரியும்? ஆட்டுக்கல்லின் குழியும் குழவியும் ஒன்றோடொன்று அழகாகப் பொருந்தும், ஆனால் இரண்டில் எதுவும் தட்டை இல்லை. இரண்டு பிளேட்டை மட்டும் ஒன்றோடொன்று தேய்த்தால் இதே கதி வரும். ஒன்று லேசாகக் குழியும், மற்றது லேசாகப் புடைக்கும், இரண்டும் பொருந்தி நம்மை ஏமாற்றும். அதனால் மூன்று பிளேட் எடுத்துக்கொள்ள வேண்டும். முதலாவதும் இரண்டாவதும், இரண்டாவதும் மூன்றாவதும், மூன்றாவதும் முதலாவதும் என்று மாற்றி மாற்றிப் புளூ என்ற நீலச் சாயம் தடவி, ஒட்டுகிற மேட்டை ஸ்கிரேப்பரால் சுரண்டி எடுக்க வேண்டும். எப்படித் திருப்பி வைத்தாலும் மூன்றும் மூன்றோடும் பொருந்தினால் மூன்றும் தட்டைதான், வேறு வழியே இல்லை. மாட்ஸ்லேவின் பட்டறையில் வேலை பார்த்த ஜோசப் விட்வொர்த் இந்த முறையை ஊரறியச் செய்தார். 1841-ல் மரைக்கு ஒரே அளவுமுறை வேண்டும் என்று எழுந்து பேசியவரும் அவர்தான். எந்த அளவுகோலும் இல்லாமல், மூன்று இரும்புத் துண்டையும் கொஞ்சம் நீலச் சாயத்தையும் வைத்துக்கொண்டு தட்டை என்பதைச் சூன்யத்திலிருந்து வரவழைக்கலாம். வடிவியல் பாடம் நடத்தும்போது இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை.

அளவு சரிபார்க்கும் எஃகுத் துண்டுகளான ஸ்லிப் கேஜ் வைத்திருப்பவர்கள் அன்றைக்கு அதையும் வெளியே எடுங்கள். சுவீடன்காரர் யோஹான்சன், எஸ்கில்ஸ்டூனா துப்பாக்கித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர், மனைவியின் தையல் மிஷினையே கிரைண்டிங் மிஷினாக மாற்றி வீட்டில் இந்தத் துண்டுகளைத் தேய்த்தார். 102 துண்டுகளைச் சேர்த்துச் சேர்த்து 20,000 அளவுகளை உண்டாக்கலாம் என்று காட்டினார். இரண்டு துண்டைத் துடைத்து, வைத்து, லேசாகத் திருகினால் ஒட்டிக்கொள்ளும். காந்தமும் இல்லை பசையும் இல்லை, வெறும் வழவழப்புதான். ஒரு பிள்ளையின் கையில் கொடுத்து இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அந்த முகத்தை நீங்கள் மறக்க மாட்டீர்கள்.

அளவு என்று வந்துவிட்டதால் ஒரு கணக்கு. எஃகின் அளவை 20 டிகிரி செல்சியஸில் சொல்வது உலக வழக்கம். நம் ஊர்ச் சித்திரை மாத மதியத்தில் பட்டறை 35 டிகிரியில் இருந்தால், 100 மில்லிமீட்டர் நீளமுள்ள எஃகு சுமார் 17 மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் 17 பங்கு, நீண்டிருக்கும். பேரிங் உட்காரும் இடத்தில் 17 மைக்ரான் என்றால் ஜாப் ரிஜெக்ட். "வெப்பத்தால் திண்மங்கள் விரிவடைகின்றன" என்று நான் போர்டில் எழுதுகிறேன். பத்தாம் வகுப்பைத் தாண்டாத என் அப்பா, கிரைண்டிங்கில் சூடான ஜாப்பை ஆறவைத்துவிட்டுத்தான் மைக்ரோமீட்டரை எடுப்பார். இரண்டும் ஒரே பாடம் என்று எனக்குப் புரியவே பல வருஷம் ஆயிற்று.

சுருளின் நிறத்தையும் காட்டுங்கள். எஃகை வேகமாகக் கடையும்போது வெள்ளியாகக் கிளம்பும் சுருள், வெளியே வந்து விழுவதற்குள் வைக்கோல் நிறமாகி நீலமாகிறதே, அது சோப்புக் குமிழியில் வானவில் தெரிகிற அதே சங்கதி. சூட்டில் மேலே படியும் மெல்லிய ஆக்சைடு படலத்தின் கனம்தான் நிறத்தைத் தீர்மானிக்கிறது. வெட்டில் பிறக்கும் சூட்டில் பெரும்பங்கைச் சுருள் சுமந்துகொண்டு போய்விடுவதால்தான் ஜாப் தப்பிக்கிறது.

டூல் முனையில் வைக்கும் கடினமான கார்பைடை நீங்கள் இன்னும் "விடியா" என்றுதானே சொல்கிறீர்கள்? அந்த வார்த்தைக்கு ஜெர்மன் மொழியில் "வைரம் போல" என்று பொருள் வரும். 1920-களின் பிற்பாதியில் க்ருப் நிறுவனம் அந்தப் பெயரில் டங்ஸ்டன் கார்பைடை விற்கத் தொடங்கியது. அதற்கு முன்னால், 1900 பாரீஸ் கண்காட்சியில், அமெரிக்காவிலிருந்து வந்த, சூட்டிலும் கடினம் குறையாத ஹைஸ்பீட் ஸ்டீல் டூல் முனை சிவக்கச் சிவக்க இரும்பை வெட்டியதைப் பார்த்து ஐரோப்பியத் தொழிலதிபர்கள் வாயடைத்து நின்றார்கள். 50 மில்லிமீட்டர் எஃகு ராடை ஹைஸ்பீட் ஸ்டீலில் கடைந்தால் நிமிஷத்துக்கு 190 சுற்று போல ஓட்டுவீர்கள். விடியாவில் 900, 1000 என்று தாராளமாகப் போகலாம். டூல் முனையில் ஒட்டிய அரிசி மணி அளவுத் துண்டு பட்டறையின் வேகத்தையே ஐந்து மடங்காக்கிவிட்டது.

சிஎன்சி பற்றிச் சொல்லாமல் விட முடியாது, பிள்ளைகள் முதலில் கேட்கப் போவது அதைத்தான். ஹெலிகாப்டர் இறக்கைகள் செய்த ஜான் பார்சன்ஸ், வளைவைக் கையால் சரியாக எடுக்க முடியாமல், எண்களாலேயே மிஷினை நகர்த்தினால் என்ன என்று யோசித்தார். அதிலிருந்து கிளைத்த வேலையில், 1952-ல் அமெரிக்காவின் எம்ஐடி ஆய்வுக்கூடத்தில் ஒரு மில்லிங் மிஷின், ஓட்டை போட்ட காகித நாடாவைப் படித்து மூன்று அச்சிலும் தானாக நகர்ந்தது. சிறுமுகையில் தறிக்கு மேலே ஜக்கார்டு அட்டை தொங்குவதைப் பார்த்த பிள்ளைக்கு இது உடனே பிடிபடும். அங்கே ஓட்டை நூலைத் தூக்குகிறது, இங்கே ஓட்டை இரும்பை நகர்த்தியது.

இரும்பை இரும்பு தொடாமல் மின்பொறியாலேயே வெட்டுகிற ஒயர்கட் மிஷின் இருக்கிற பட்டறைக்காரர்கள் பெண் பிள்ளைகளைக் கட்டாயம் கூப்பிடுங்கள். 1943-ல் சோவியத் நாட்டில் போரீஸ் லாசரெங்கோ, நத்தாலியா லாசரெங்கோ என்ற தம்பதி, தீப்பொறி பட்டு மின்தொடர்பு முனைகள் அரிபடுவதைத் தடுக்க வழி தேடினார்கள். தடுப்பது கடினம் என்று தெரிந்தபோது, அரிக்கிற பொறியையே அடக்கி ஆண்டு கருவியாக்கினார்கள். இன்று உங்கள் பட்டறையில் தண்ணீருக்குள் கால் மில்லிமீட்டர் பித்தளைக் கம்பி, கடினப்படுத்திய டை ஸ்டீலை வெண்ணெய் மாதிரி அறுத்துக்கொண்டு போகிறதே, அதன் வேர் அங்கே இருக்கிறது. அந்தப் பெண்மணியின் பெயரை என் மாணவிகள் நீரில் பொறி பறப்பதைப் பார்த்துக்கொண்டே கேட்க வேண்டும்.

ஒரு விஷயம் மட்டும் வற்புறுத்திக் கேட்கிறேன். பிள்ளைகளுக்கு முதலில் பழைய லேத்தைக் காட்டுங்கள், சிஎன்சியை அதற்குப் பிறகு. சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு தொழிற்சாலைக்கு என் வகுப்பைக் கூட்டிப் போனேன். குளிர்சாதன அறையில் உட்காரவைத்து ஒன்றரை மணி நேரம் படம் போட்டார்கள். பிறகு கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் வெள்ளைப் பெட்டிகள் வரிசையாக நிற்பதைக் காட்டினார்கள். உள்ளே சூட்டைத் தணிக்கும் கூலண்ட் பால் மாதிரி அடிக்கிறது, வேறு ஒன்றும் தெரியவில்லை. திரும்பும்போது பஸ்ஸில் பிள்ளைகள் அங்கே கொடுத்த கேக்கைப் பற்றித்தான் பேசினார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. டூல் இரும்பைத் தொடும் இடத்தைப் பார்க்காதவருக்கு, அந்தப் பெட்டிக்குள் என்ன அற்புதம் நடக்கிறது என்று எப்படித் தெரியும்? கையால் ஹேண்டில் சுற்றி ஒரு வெட்டு எடுப்பதைப் பார்த்துவிட்டு வந்தால், ஐந்து அச்சு மிஷின் ஒரே அலுமினியக் கட்டியிலிருந்து இம்பெல்லர் என்ற சுழல் சக்கரத்தைக் குடைந்து எடுக்கும்போது அந்தப் பிள்ளைக்கு மூச்சு நின்றுவிடும்.

அப்பா முதன்முதலில் சிஎன்சி பார்த்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. தன் வேலை போய்விடும் என்று பயந்துகொண்டுதான் போனார். கதவு மூடியிருந்த மிஷின் பக்கத்தில் ரொம்ப நேரம் நின்று, கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "சத்தம் சுத்தமா இருக்குது" என்றார். புரோகிராம் எழுத அவர் கடைசிவரை கற்றுக்கொள்ளவில்லை. ஆனால் ஜாப்பில் அதிர்வுக் கோடு விழுந்தால் மிஷினை அமைத்துக் கொடுக்கும் செட்டர் பையன்கள் அவரைத்தான் கூப்பிடுவார்கள். டூல் நீட்டம் அதிகமா, சக் பிடிப்பு தளர்ந்ததா என்று சத்தத்தை வைத்தே சொல்வார். அந்தக் காது உங்கள் பட்டறைகளில் இன்னும் சில பேரிடம் இருக்கிறது. அவர்களுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது.

இந்த ஊருக்கு இந்தத் தொழில் சும்மா வந்துவிடவில்லை. ஸ்டேன்ஸ் ஆலையில் 1888-ல் தொடங்கிய பஞ்சாலைகள், அவற்றின் உதிரி பாகத்துக்காகப் பிறந்த பட்டறைகள், 1930-களில் பைக்காராவிலிருந்து இறங்கிய மின்சாரம், 1926-ல் எழுந்த பி.எஸ்.ஜி. தொழிற்பயிலகம், 1937-ல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் செய்த மின் மோட்டார், அதிலிருந்து பம்ப், கிரைண்டர், பிறகு லேத்தையே செய்து விற்கிற நிலை. பெங்களூரில் லேத் போன்ற மிஷின்கள் செய்யும் எச்எம்டி 1953-ல் வந்தது அரசு முதலீட்டில். கோவையில் பெரும்பகுதி ஒற்றை லேத், ஒற்றை ஷெட் என்று வளர்ந்தது. நம் பிள்ளைகளுக்கு ஊர்ச் சரித்திரம் என்று ஏதாவது சொல்ல வேண்டுமானால் முதலில் இதைச் சொல்ல வேண்டும்.

உங்கள் தயக்கங்களும் எனக்குத் தெரியும். அடிபட்டால் யார் பதில் சொல்வது என்று கேட்பீர்கள். நியாயம். ஒரே மிஷின் மட்டும் ஓடட்டும். தரையில் மஞ்சள் கோடு போட்டு, அதற்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் நிற்கட்டும். கண்ணுக்குப் போடும் பாதுகாப்புக் கண்ணாடி நாங்கள் வாங்கி வருகிறோம். துப்பட்டா, வளையல், கழுத்தில் தொங்கும் அடையாள அட்டை எல்லாவற்றையும் வாசலிலேயே கழற்றிவிடுவோம், முடியைக் கொண்டை போட்டுக் கட்டிவிடுவோம். சுற்றுகிற மிஷினிடம் கையுறை போடக் கூடாது, பாதுகாப்பு என்று நினைத்துப் போட்டால் அதுவே கையை இழுத்துவிடும் என்பதை நீங்களே உங்கள் வாயால் சொல்லுங்கள். ஆசிரியை சொன்னால் கேட்காத பிள்ளை மிஷின்காரர் சொன்னால் கேட்கும். வாடிக்கையாளரின் டிராயிங், ஜாப் எல்லாம் ரகசியம் என்றால் மூடி வையுங்கள். நாங்கள் கேட்பது ஒரு பித்தளைத் துண்டு மட்டும். உற்பத்தி கெடுமே என்றால், அதற்காகத்தான் விஜயதசமியைக் கேட்கிறேன். அன்று எப்படியும் முழு ஷிஃப்ட் ஓட்டுவதில்லை, பள்ளிக்கும் விடுமுறை.

மிஷினை ஓட்டிக் காட்ட முதலாளிதான் நிற்க வேண்டும் என்றில்லை. பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்து உங்களிடம் தொழில் கற்று, இன்று நல்ல கைகாரராக இருக்கும் தம்பி நின்றால் இன்னும் நல்லது. அவருக்குத் தமிழ் தடுமாறினால் பரவாயில்லை. பிள்ளைகள் அவரை "சார்" என்று கூப்பிடட்டும்.

ஆள் கிடைக்கவில்லை, உள்ளூர்ப் பையன்கள் லேத் பக்கமே வருவதில்லை என்று நீங்கள் பேசிக்கொள்வதைக் கேட்டிருக்கிறேன். பார்க்காத ஒன்றின்மேல் யாருக்கு ஆசை வரும்? வருகிற பத்துப் பேரில் ஒன்பது பேர் வேறு வேலைக்குப் போகட்டும், எனக்கு வருத்தமில்லை. டாக்டராகப் போகிறவளுக்கும் தன் கையிலிருக்கும் கருவி எப்படிப் பிறந்தது என்று தெரிந்திருந்தால் நல்லதுதானே?

பழைய லேத்தை எடை போட்டுக் காயலான் கடைக்கு அனுப்பப் போகிறவர்களிடம் ஒரு வார்த்தை. அடித்தளமான பெட் தேய்ந்து, மைக்ரான் வேலைக்கு உதவாது என்று ஒதுக்கிய மிஷினிலும் பம்பரம் கடையலாம். பக்கத்து அரசுப் பள்ளிக்கோ ஐடிஐக்கோ கொடுக்க முடியுமா என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். முடியாவிட்டால், அடுத்த விஜயதசமி வரை மூலையிலாவது நிற்கட்டும்.

அன்று காலை பத்து மணிக்கு வருகிறோம். நீங்கள் பூஜையை முடித்து, பொட்டு வைத்த சக்கில் முக்கால் இஞ்ச் பித்தளை ராடைக் கட்டி வையுங்கள். சக் கீயைக் கழற்றி, முன்வரிசையில் நிற்கும் சின்னப் பெண்ணின் கையில் கொடுங்கள். அதற்கு அப்புறம் மிஷினைப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு டர்னரின் மகள்,
இயற்பியல் ஆசிரியை, கோயம்புத்தூர்